தலைச்சுமையும் கழுத்து ஆபரேஷனும்

ஆவணிக்கு அப்பறம் ஒண்ணும் எழுதலை. "என்னண்ணே, மழை எப்படி, கடலை எப்படி"ன்னு சில பேர் விசாரிச்சிருந்தீங்க. கழுத்துல ஆபரேஷன் ஆச்சு. கழுத்தெலும்பு ரெண்டை ஒண்ணாச் சேத்து, தகடு வச்சு திருகாணி போட்டு முடுக்கியிருக்காங்க. மூணரை மாசம் முடிஞ்சது. இப்ப நல்லா இருக்கேன்.

இதை விவரமா எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கழுத்துல இவ்வளவு பெரிய வேலை நடந்திருக்கு, ஆனா எனக்குக் கழுத்து வலிக்கவே இல்லை. வியாதி கழுத்துல, அது காட்டிக்கொடுத்தது கையிலயும் காலிலயும். இது தெரியாததாலதான் எங்க ஊர்ப் பக்கம் பல பேர் படுத்த படுக்கையாப் போனாங்களோன்னு இப்ப தோணுது.

ஆடியில கடலை விதைச்சோம். கீரனூர்ப் பக்கம் செம்மண் மேட்டாங்காடு, மானாவாரி. சின்னக் காட்டுக்கு ட்ராக்டர் விதைப்பு கட்டுபடி ஆகாதுன்னு ஏர் பின்னாடி நடந்து சாலுல பருப்பைப் போட்டுக்கிட்டே போறதுதான் எனக்கு வழக்கம். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தன்னால வேலை செய்யும். அரைச் சாணுக்கு ஒரு பருப்பு விழும். யோசிக்கவே வேண்டியதில்லை. அன்னைக்கு மூணு மூணாக் கொட்டுது. இல்லேன்னா விரல்லயே ஒட்டிக்கிட்டு நிக்குது. விரல் மரத்த மாதிரி, துணி சுத்துன மாதிரி இருந்துச்சு.

அதே வாரம் வரப்புல நடக்கையில ரெண்டு தடவை வயலுக்குள்ள கால் இறங்கிடுச்சு. சின்னப் பிள்ளையிலேருந்து இருட்டுல நடந்த வரப்பு அது. அப்பறம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு கால்ல செருப்பு இல்லை. எங்க கழண்டுச்சுன்னே தெரியலை. "ஏங்க, இது சாதாரணமா இல்லை, நாளைக்கே போவோம்"னு வீட்ல சொல்லிட்டாங்க. கீரனூர் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவுல இருக்கு. மறுநாள் காலையில திருச்சி பஸ் ஏறிட்டோம்.

டாக்டர் முதல்ல எந்த மெஷினையும் தொடலை. "சட்டைப் பொத்தானைக் கழட்டிப் போடுங்க"ன்னார். அதுக்கே எனக்கு நேரம் ஆச்சு. அப்பறம் கையை நல்லா மூடி நல்லா விரிக்கச் சொல்லி, 10 செகண்டுல எத்தனை தடவைன்னு எண்ணினார். நல்லா இருக்கிற ஆளு 20 தடவைக்கு மேல செய்வாங்களாம். எனக்கு வலது கையில 13 வந்துச்சு. நடு விரல் நகத்தை லேசாச் சுண்டி விட்டார், பெருவிரல் தன்னால உள்ள இழுத்துக்கிச்சு. கடைசியா ஒரு கோட்டு மேல, ஒரு காலோட குதிகாலுக்கு முன்னாடி அடுத்த கால் விரல் இடிக்கிற மாதிரி நடக்கச் சொன்னார். வரப்புல சாஞ்ச மாதிரியே சாஞ்சேன். "கையில காலுல ஒண்ணும் இல்லை, கழுத்தைப் பாக்கணும்"னு எம்ஆர்ஐ எழுதினார்.

படத்தை வச்சு அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். கழுத்துல எலும்பு 7. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 தானாம், ஒவ்வொண்ணும் நீளம், அவ்வளவுதான். எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கு. எலும்புக்குப் பின்னாடி ஒரு குழாய். அதுக்குள்ளதான் மூளையிலேருந்து வர்ற தண்டுவடம் இறங்குது. வயசாக ஆக ஜவ்வு காஞ்சு பிதுங்கும், எலும்பு ஓரத்துல முள்ளு மாதிரி வளரும். அது பக்கவாட்டுல போற நரம்பை அழுத்துனா கழுத்து வலிக்கும், கை சுண்டி இழுக்கும். நடுவுல போற தண்டுவடத்தை அழுத்துனா வலி இல்லாமலே கை வேலை கெடும், கால் தள்ளாடும், விட்டா ஒண்ணுக்குப் போறதுகூட கட்டுப்பாடு போயிடும். எனக்கு அஞ்சாவது, ஆறாவது எலும்புக்கு நடுவுல தண்டுவடம் நசுங்கிக் கெடந்துச்சு. கழுத்துல அதிகமாத் தேயற இடத்துல அதுவும் ஒண்ணாம்.

"சுமை தூக்குனதாலயா டாக்டர்?"னு கேட்டேன். அது மட்டும்தான்னு சொல்ல முடியாது, வயசுத் தேய்மானம் எல்லாருக்கும் உண்டு, சில பேருக்குப் பிறவியிலயே அந்தக் குழாய் ஒடுக்கமா இருக்கும், ஆனா தலையில சுமக்கறவங்களுக்குத் தேய்மானம் சீக்கிரம் வருதுன்னார்.

பஸ்ல திரும்பி வரும்போது கணக்குப் போட்டுக்கிட்டே வந்தேன். நம்ம தலையே நாலரை, அஞ்சு கிலோ இருக்கும். அதுக்கு மேல சும்மாடு, அதுக்கு மேல நெல்லுக்கட்டு, கடலைக்கொடி, எருக்கூடை, விறகு, தண்ணிக்குடம். யூரியா மூட்டை 50 கிலோவா இருந்து 2018ல 45 ஆச்சு. கொள்முதல் நிலையத்துல நெல்லு 40 கிலோ சிப்பம். எங்கப்பா காலத்து நெல்லு மூட்டை 60 கிலோவுக்கு மேல. ஒரு ஆம்பளை கையால சுமக்கறதுக்கு 55 கிலோவுக்கு மேல போகக்கூடாது, பொம்பளைங்களுக்கு அதைவிட நல்லாக் குறைச்சலா இருக்கணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லயே பரிந்துரை பண்ணியிருக்கு. எங்க ஊர்ல அதைக் கேட்டவங்க யாரும் இல்லை.

எங்க பெரியம்மா ஒருத்தங்க. நடவு, களையெடுப்பு, கட்டுத் தூக்கு, அப்பறம் கட்டட வேலைக்குச் சித்தாள்னு முப்பது வருஷம் தலையில சுமந்தவங்க. அம்பது வயசு தாண்டுனதும் சோத்தைப் பிசைய முடியலை, கால் இழுத்துச்சு, அப்பறம் எந்திரிக்கவே இல்லை. வாதம்னு எண்ணெய் தேச்சோம், மந்திரிச்சோம். அவங்க கழுத்தைப் படம் எடுத்துப் பாத்தவங்க யாரும் இல்லை. அது கழுத்தா, வேறயான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கை நடுக்கமும் செருப்பு கழண்டதும் என் கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னுச்சு.

ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் ஒண்ணு தெளிவாச் சொன்னார். "இது போனதைக் கொண்டுவர்ற ஆபரேஷன் இல்லை. இனிமே போகாமத் தடுக்கற ஆபரேஷன். திரும்பி வந்தா லாபம்." அதனாலதான் கையெழுத்துப் போட்டேன். கடலை பறிச்சதும் வச்சுக்கலாமேன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. கடலை அடுத்த வருஷமும் விளையும்.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவுச்சு. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு அது கிடைக்கும். விஏஓகிட்ட வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸ்ல பதியணும். அவசரம் வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கறது நல்லது. ஆபரேஷனுக்கு முன் அனுமதி வரணும், அதுக்கு நாள் ஆகும்.

அந்த நாள்ல சக்கரை, பிரஷர், ஈசிஜி, ரத்தம் எல்லாம் பாத்தாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட சொல்லி எப்ப நிறுத்தணும்னு கேட்டுக்கணும். பீடி, சிகரெட், வெத்தலைக்குப் போயிலை எதுவும் கூடாது. அதுல இருக்கிற நிகோடின் எலும்பு ஒட்டறதைக் கெடுக்குமாம். இன்னொண்ணு கண்டிப்பாச் சொன்னாங்க: கழுத்தை யாரும் திருப்பக் கூடாது. முடிவெட்டுற கடையில கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வெடுக்குன்னு திருப்பி நெட்டி முறிப்பாங்களே, அதெல்லாம் இனிமே கிடையாது. தண்டுவடம் நசுங்கிக் கெடக்கும்போது சுளுக்கு எடுக்கறேன்னு யாராவது திருகுனா கை கால் ஒரேயடியா விழுந்துடலாம்.

பின்னாடிக் கழுத்துல வெட்டுவாங்கன்னு நெனச்சிருந்தேன். முன்னாடிதான். தொண்டைக்குப் பக்கத்துல ரெண்டு விரக்கடை கீறல். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஓரமா ஒதுக்கிட்டு உள்ள போய், கெட்ட ஜவ்வை எடுத்து, முள்ளைச் செதுக்கிட்டு, அந்த இடத்துல ஒரு சின்னக் கூண்டு வச்சு எலும்புத் துகளை அடைச்சு, மேல டைட்டானியம் தகடு. இந்த முறையை 1950களில் அமெரிக்க டாக்டருங்க கொண்டு வந்தாங்களாம். நமக்குப் புரியற மாதிரி சொன்னா ஒட்டு மாங்கன்னு கணக்குதான். தகடு நாம சுத்துற கட்டு மாதிரி. ஆடாம அசையாம இருந்தாத்தான் ரெண்டும் ஒண்ணாப் பிடிக்கும். பிடிச்சுடுச்சுன்னு சொல்ல மூணு மாசத்துலேருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஆகும்.

மறுநாளே நடக்க விட்டாங்க. கழுத்து வலியைவிடத் தொண்டை வலிதான் பெருசு. பத்து நாள் முழுங்கறதுக்குக் கஷ்டம், கஞ்சியும் குழைஞ்ச சோறும்தான். கழுத்து வீங்கி மூச்சு முட்டுனா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம வரணும்னு வீட்ல உள்ளவங்களுக்குச் சொல்லி அனுப்பினாங்க. குரல் கம்மிப்போச்சு. காட்டுலேருந்து வீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்துற ஆளு நான். ஒன்றரை மாசம் பசு மாட்டைக் கூப்பிட்டா அது தலையைக்கூடத் தூக்கலை. இப்ப குரல் வந்துடுச்சு, மாடும் வருது.

ஆறு வாரம் கழுத்துல பட்டை. வேலி தாண்டற மாட்டுக்குக் கழுத்துக்கட்டை கட்டுவோமே, அப்படி. "மச்சான் இனிமே எந்தக் காட்டுலயும் மேய முடியாது"ன்னு என் மச்சினன் சிரிக்கிறான். நம்ம ஊர்ப் பேச்சுல பாதி தலையாட்டறதுதான்னு அப்பத்தான் தெரிஞ்சது. பாக்க வந்தவங்க சாத்துக்குடியை வச்சிட்டுக் கதை சொல்லுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் வாயைத் திறந்து "ஆமா"ன்னு சொல்லணும், அந்தக் கம்முன குரல்ல.

வேலைன்னு பாத்தா நடை மட்டும்தான். முதல்ல வாசல் வரைக்கும், அப்பறம் தெருக்கோடி, அப்பறம் கண்மாய்க்கரை. வண்டி ஓட்டக் கூடாது. ஒரு சொம்புத் தண்ணிக்கு மேல தூக்கக் கூடாது. அடுத்த கட்டத்துல கை பயிற்சி. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்ச திட்டத்துல இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து கொடுக்கறாங்க. எனக்கும் வந்தாங்க. மாவு பிசைஞ்சேன், துணி பிழிஞ்சேன், ஒரு தட்டுல கடலைப் பருப்பைக் கொட்டி ஒவ்வொண்ணாப் பொறுக்கி இன்னொரு தட்டுல போட்டேன்.

ஐப்பசியில கடலை பறிச்சாங்க. நான் கட்டிலைப் போட்டு உக்காந்து பாத்தேன். சித்தப்பா மகனுங்க ரெண்டு பேர் மூட்டையை வண்டியில ஏத்துனானுங்க. மூட்டை தூக்கற நேரத்துல, "ஒரு கை பிடிங்க"ன்னு ஒருத்தன் என்னையப் பாத்து பழக்கத்துல சொல்லிட்டான். சொன்ன உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டான். என் கை தன்னால எந்திரிச்சு, நடுவுல நின்னுடுச்சு. அம்பது வயசுக்கு மேல வேலை செய்யாம உக்காந்து பாக்கறது, ஆபரேஷனைவிடப் பெரிய வைத்தியம்தான்.

இப்ப கணக்கு இதுதான். கால் நல்லாத் திரும்பிடுச்சு, வரப்புல கீழ பாக்காம நடக்கறேன். 13 தடவை மூடுன கை இப்ப 18. வலது கை ரெண்டு விரல் நுனியில மரப்பு அப்படியே இருக்கு, அது இருந்தாலும் இருக்கலாம்னு சொல்லியிருக்காங்க. கழுத்து முன்ன மாதிரியே திரும்புது. தலை திரும்பறதுல பாதி மேல இருக்கிற முதல் ரெண்டு எலும்புல நடக்கறதால, கீழ ரெண்டு ஒட்டுனா அவ்வளவாத் தெரியாதாம். ஆனா ஒட்டுன எலும்புக்கு மேலயும் கீழயும் இருக்கிற ஜவ்வுக்குப் பாரம் கூடும். அதனால தலைச்சுமை இந்த ஜென்மத்துக்குக் கிடையாது.

பழைய ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு பாத்திருப்பீங்க. ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லைப் படுக்க வச்சிருக்கும். கர்ப்பத்தோட செத்துப்போன பொண்ணு நினைவா வைக்கறது. குனியாம, யாரையும் ஒரு கை கேக்காம, நின்ன வாக்குல சுமையை இறக்கி மறுபடி ஏத்திக்கலாம். கழுத்தோட அருமை தெரிஞ்சவங்கதான் அதை அந்த உயரத்துல வச்சிருக்கணும். நான் என் பங்குக்கு ஒத்தைச் சக்கரத் தள்ளுவண்டி ஒண்ணு வாங்கிட்டேன். எருவுக்கு அதுதான், உரத்துக்கும் அதுதான். வீட்லயும் இனிமே தலையில கூடை வைக்கறதில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்க. அப்பா சட்டைப் பொத்தான் போடறதையும் அம்மா பூக்கட்டுறதையும் சும்மா கவனிங்க. வாசல்ல கோட்டைப் போட்டு அது மேல நடக்கச் சொல்லுங்க. கையை 10 செகண்டு மூடித் திறக்கச் சொல்லி எண்ணுங்க. செருப்பு தன்னால கழண்டு போகுதான்னு கேளுங்க. கழுத்து வலிக்குதான்னு மட்டும் கேட்டா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா"ன்னுதான் சொல்லுவாங்க.