சார்ல்ஸ்டனில் ஒரு பகல்

கோடை விடுமுறை என்றாலே எங்களுக்கு ஆச்சி வீடும், பதநீரும், நுங்கும்தான். ஆனால் சென்ற விடுமுறை வேறுவிதமாக அமைந்தது. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் தலைநகரான கொலம்பியாவில் பணிபுரியும் எங்கள் சித்தப்பா, அம்மாவையும், அக்காள் தங்கைகளான எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். அங்கே நாங்கள் கண்டவை பல. அவற்றுள் சார்ல்ஸ்டன் நகரில் கழித்த ஒரு பகலை மட்டும் இங்கே எழுத விழைகிறோம்.

அன்று பொழுது புலருமுன்பே எழுந்து, சித்தி கட்டித் தந்த புளிச்சோற்றுப் பொட்டலத்துடன் காரில் ஏறினோம். இரண்டு மணி நேரப் பயணம். சாலையின் இருமருங்கிலும் ஓக் மரங்கள். அவற்றின் கிளைகளிலிருந்து முதியவரின் நரைத்த தாடி போலப் பாசிக்கொடிகள் தொங்கின. காரை விட்டு இறங்கியதும் உப்புக்காற்று முகத்தில் மோதியது. “நம்ம தூத்துக்குடி போலல்லவா இருக்கிறது!” என்றார் அம்மா. ஆஷ்லி, கூப்பர் என்னும் இரு ஆறுகள் கலந்து கடலோடு சேருமிடத்தில் இந்நகரம் அமைந்திருக்கிறது.

1670ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே குடியேறினர். அரசர் இரண்டாம் சார்லசின் பெயரால் சார்ல்ஸ் டவுன் என்று வழங்கிய ஊர், 1783இல் சார்ல்ஸ்டன் ஆயிற்று. முதலில் கடற்கரைப் பூங்காவுக்குச் சென்றோம். வரிசையாகப் பழைய பீரங்கிகள் நின்றன. தொலைவில் நீருக்கு நடுவே சம்டர் கோட்டை ஒரு கோடு போலத் தெரிந்தது. 1861 ஏப்ரல் 12ஆம் நாள் அக்கோட்டையின் மீது விழுந்த குண்டுகளோடுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதாம். பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததைக் கண்ணெதிரே கண்டபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது.

அடுத்து ‘வானவில் வரிசை’. இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒட்டி ஒட்டி நிற்கும் பதின்மூன்று வீடுகள். என்னே அவற்றின் எழில்! இவ்வூரின் பழைய வீடுகள் பல, குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, நீண்ட தாழ்வாரத்தைப் பக்கவாட்டில் வைத்துக் கட்டப்பட்டவை. கடற்காற்றைப் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. சுவர்களில் ஆங்காங்கே வட்டமான இரும்புத் தகடுகளைக் கண்டோம். 1886இல் நேர்ந்த கடும் நிலநடுக்கத்திற்குப் பின் சுவர்கள் சரியாமலிருக்க உள்ளே கம்பி கோத்து இறுக்கியவையாம்.

பிராட் தெருவிலுள்ள புனித ஸ்நாபக அருளப்பர் பேராலயத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டுச் செபித்தோம். 1861இல் முந்தைய பேராலயம் தீக்கு இரையானது. மீண்டும் கட்டி முடிக்க 1907 ஆயிற்று. கோபுரத்தின் கூர்முனையோ 2010இல்தான் ஏறியது. இம்மறைமாவட்டத்தின் முதல் ஆயர் ஜான் இங்கிலாந்து, 1835இல் அடிமையல்லாத கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். ஊராரின் எதிர்ப்பால் அதை மூட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் திறந்ததற்காகவா கோபம் என்று எங்களால் நம்ப முடியவில்லை.

காரணம் பிற்பகலில் விளங்கியது. கருங்கல் பாவிய சந்து ஒன்றில் பழைய அடிமைச் சந்தைக் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. தெருவில் வைத்து மனிதரை ஏலம் விடுவதை 1856இல் நகராட்சி தடை செய்தது. விற்பனை நிற்கவில்லை, கட்டடங்களுக்குள் சென்றுவிட்டது. எங்கள் வயதுப் பெண்களுக்கும் அங்கே விலை இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட பல்லாயிரவர் இத்துறைமுகத்தில்தான் இறக்கப்பட்டனர். நெல் விளைவிக்கத் தெரிந்த அவர்களது அறிவாலும் உழைப்பாலும் கரோலினா அரிசி உலகப் புகழ் பெற்றது. காலையில் நாங்கள் வியந்த வீடுகள் அந்தச் செல்வத்தில் எழுந்தவை. 1865இல்தான் அடிமை முறை ஒழிந்தது. வெளியே வந்த பிறகு எங்களில் ஒருவரும் பேசவில்லை.

இறுதியாக நகரச் சந்தைக்குப் போனோம். அங்கே ஒரு முதிய கறுப்பினப் பெண்மணி சிறு நாற்காலியில் அமர்ந்து கூடை செய்துகொண்டிருந்தார். மணமுள்ள ஒருவகைப் புல்லையும் கோரையையும் சுருள் சுருளாக வைத்து, பால்மெட்டோ என்னும் பனையினத்து மரத்தின் ஓலைக் கீற்றால் தைத்தார். அந்த மரமே அம்மாநிலத்தின் மரம், நமக்குப் பனைபோல. அவருடைய முன்னோர் இப்படித்தான் நெல் புடைக்கும் சுளகு செய்தனராம்.

உள்ளங்கையளவு கூடை ஒன்றின் விலை 60 டாலர் என்றார். அம்மா திகைத்துப் போய், “நம்ம ஊரில் இந்தப் பணத்துக்கு ஒரு வண்டிப் பெட்டி வாங்கலாம். பாதிக்குக் கேளுங்க தம்பி” என்றார். “வேண்டாம் மதினி” என்று சித்தப்பா தயங்கினார். அதற்குள் எங்களில் இளையவள், “ஆச்சி பெட்டி மாதிரியே இருக்கே!” என்று கத்திவிட்டாள்.

அவள் என்ன சொன்னாள் என்று அப்பெண்மணி கேட்டார். எங்கள் ஆச்சி பனையோலையில் பெட்டி முடைபவர் என்று சித்தப்பா விளக்கினார். அவர் முகம் மலர்ந்தது. தம் பாட்டியிடம் ஏழு வயதில் கற்றுக்கொண்டதாகவும், கடலோரமெங்கும் வீடுகள் எழுந்துவிட்டதால் புல்லுக்கு அலைய வேண்டியிருப்பதாகவும் கூறினார். பிறகு எங்களைப் பார்த்து, “நீங்கள் உங்கள் பாட்டியிடம் கற்றுக்கொண்டீர்களா?” என்று கேட்டார்.

எங்களுக்கு நா எழவில்லை.

நாங்கள் ஒன்பதாம், ஏழாம் வகுப்புகளில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சி விடுதிக்கு எங்களைப் பார்க்க வந்தார்கள். தாமே முடைந்த ஓலைப்பெட்டியில் கருப்பட்டியும் பனங்கிழங்கும் கொண்டுவந்தார்கள். தோழியர் பார்த்துவிடுவார்களே என்று நாங்கள் அவசர அவசரமாக அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிக்கொண்டு, பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினோம். ஆச்சி அதைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை ஜவுளிக்கடைப் பையில் கொண்டுவந்தார்கள். அப்போது எங்களுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதியை நினைத்து அன்று சந்தையில் நின்று வெட்கினோம். யாரோ ஒரு பாட்டியின் வேலையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தால் வியந்து பார்க்கிறோம். நம் ஆச்சியின் வேலையைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோம்! அம்மாவும் என்ன நினைத்தார்களோ, பேரம் பேசாமல் 60 டாலரையும் எண்ணிக் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும் அந்தக் கூடையை ஆச்சியிடம் கொடுத்தோம். ஆச்சி அதைக் கவிழ்த்து, அடியில் தொடக்கம் எங்கே என்று விரலால் தேடினார்கள். “இது முடைஞ்சதில்ல, தைச்சது. நல்ல கை” என்றார்கள். நாங்கள் அருகில் அமர்ந்து, “எங்களுக்கும் சொல்லித் தாங்க ஆச்சி” என்றோம். சற்று நேரம் எங்களையே பார்த்துவிட்டு, எழுந்து போய் ஓலையும் கத்தியும் எடுத்து வந்தார்கள்.

விடுமுறையின் எஞ்சிய நாள்களில் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பெட்டி முடித்தோம். வாய் கோணல், மூடி சரியாகப் பொருந்தாது. ஆனால் இப்போது அது எங்கள் விடுதி அலமாரியின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. சென்ற மாதம் ஆச்சி வந்திருந்தபோது அதை நிமிர்ந்து பார்த்தார்கள். அன்று அவர்கள் கையில் ஜவுளிக்கடைப் பை இல்லை; பழையபடி ஓலைப்பெட்டிதான் இருந்தது.