பழைய மடிக்கணினி போதுமா?



நம்ம அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பனமலைக்கு நாங்கள் ஐந்து பேர் சைக்கிளில் போனோம். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன்தான் பனமலைக் கோயிலையும் கட்டினான். சுமார் 1,300 வருடம் பழசு. அங்கே சுவரில் மிஞ்சியிருக்கும் உமையின் ஓவியத்தைப் பார்க்க எங்கிருந்தோ எல்லாம் வருகிறார்கள். பக்கத்திலேயே இருந்தும் நம்மில் பல பேர் பார்த்ததில்லை. அதனால் ஆண்டு விழாவில் ஆறு நிமிடப் படமாகக் காட்டலாம் என்று என் மாமாவின் போனில் படம் பிடித்தோம்.

பிடித்தாச்சு. எதில் எடிட் பண்ணுவது? வீட்டில் இருப்பது அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. ராம் 4 ஜிபி. பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. ஷாட்கட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு வீடியோவை ஓடவிட்டேன். ஒரு நொடி ஓடும், மூணு நொடி நிற்கும்.

"இது ஆகாதும்மா, புதுசு வாங்கணும்" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அப்பாவிடம், "கம்மலை வெச்சிக்கலாங்க, புள்ள ஆசையா கேக்குது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. போன வருடம் மல்லாட்டை விற்ற காசில்தான் அந்தக் கம்மல் அடகுக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. எனக்குத் தூக்கமே வரல.

மறுநாள் கம்ப்யூட்டர் சாரிடம் போனேன்.

"எங்க லேப்டாப் வீடியோ எடிட்டிங்குக்கு ஆகாது சார்."

"எந்த வீடியோவுக்கு ஆகாது?" என்று திருப்பிக் கேட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. போனில் 4கே என்று வைத்துப் பிடித்திருந்தோம். ஒரு படத்துக்கு 3840 x 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி என்றால் 1920 x 1080, சுமார் 21 லட்சம்தான். நாலு மடங்கு வேலை! அதுவும் நொடிக்கு 30 படம். போதாததற்கு எச்.265 என்ற முறையில் போன் அதை இறுக்கிச் சுருக்கி வைத்திருக்கிறது. அதை விரித்துக் காட்டத்தான் பழைய பிராசசர் திணறுகிறது. ராம் மட்டும் கூட்டினால் இது தீராது.

ஷாட்கட் கேட்பது சாதாரண வீடியோவுக்கு 4 ஜிபி, எச்டிக்கு 8, 4கேவுக்கு 16. கணக்குப்படி நாம பெயில்தான்! ஆனால் சார் ஒரு வழி சொன்னார். அதற்குப் பெயர் பிராக்ஸி. ஒவ்வொரு வீடியோவுக்கும் சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து வெட்டி ஒட்ட வேண்டும். கடைசியில் முழுப் படமாக எடுக்கும்போது மென்பொருள் தானாகவே அசலை எடுத்துக்கொள்ளும். 1994-ல் வந்த 'மகாநதி', தமிழில் கணினியில் எடிட் செய்த முதல் படங்களில் ஒன்று. அந்தக் காலக் கணினிகளிலும் தரம் குறைந்த நகலை வைத்துத்தான் வெட்டுவார்களாம். பிறகு அதன்படி அசல் பிலிமை வெட்டுவார்கள்.

செய்து பார்த்தேன். நகல் எடுக்க ஒரு மதியம் ஆச்சு. அதற்கப்புறம் நிற்காமல் ஓடியது! கடைசியில் முழுப் படமாக எடுக்க ராத்திரி 10 மணிக்குப் போட்டேன். நடுவில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து. அடுத்த நாள் திரும்பப் போட்டு, விடியற்காலை முடிந்தது. பள்ளிப் புரொஜெக்டருக்கு ஃபுல் எச்டியே தாராளம்.

உண்மையைச் சொல்லணும். கலர் மாற்றுவது, படத்தின் மேல் படம் வைப்பது எல்லாம் இதில் நடக்காது, சிக்கிக்கொள்ளும். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவருக்கு இது பத்தாது. நேரம்தான் அவருக்குக் காசு. எனக்கு ஆறு நிமிடப் படம் ஒன்றுதான். காத்திருக்க ஒரு ராத்திரியும் இருந்தது.

நண்பர்களே, இனிமேல் "இந்த மிஷின் போதுமா?" என்று கேட்கும் முன்னாடி, "என்ன வேலைக்கு?" என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் நான் பேசிய ஒரு வார்த்தைக்கு அம்மாவின் கம்மல் போயிருக்கும். இப்போது அது அம்மா காதிலேயே இருக்கிறது. படத்தை ஆண்டு விழாவில் பாருங்கள்!

– 11-ஆம் வகுப்பு மாணவி