அந்த மனிதன் எங்கே?



இந்த வாரத் தியானத்தை ஒரு பழைய திரைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். போதகர் சினிமாவைப் பற்றி எழுதுகிறாரே என்று உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்ற மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, என் மகளின் வற்புறுத்தலால் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்தைப் பார்த்தேன். அதில் நடித்த ஒருவர் என் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பிவிட்டார்.

ஜெயகாந்தன் 1966-இல் ‘ஆனந்த விகடனில்’ ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை எழுதினார். மழை பெய்யும் மாலையில் ஒரு கல்லூரி மாணவி அறிமுகமில்லாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பி அழும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, அவளைத் தூய்மையானவளாக ஏற்றுக்கொள்கிறாள். அக்கதை பெரும் விவாதத்தை எழுப்பியது. அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கூவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே இந்த நாவல். 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பின்னர் ஜெயகாந்தனே திரைக்கதை எழுத, ஏ. பீம்சிங் அதைப் படமாக்கினார்.

கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். அது தகுதியானவருக்குக் கிடைத்த விருதே. ஆனால் அவளைக் கெடுத்த பிரபுவாக நடித்த ஸ்ரீகாந்தைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்? ‘வெண்ணிற ஆடை’யில் (1965) கதாநாயகனாக அறிமுகமான அவர், ‘எதிர்நீச்ச’லில் (1968) நம்மைச் சிரிக்க வைத்தார். ‘தங்கப் பதக்க’த்தில் (1974) சிவாஜி கணேசனுக்கு எதிரே தறிகெட்ட மகனாக நின்றார். ‘பைரவி’யில் (1978) வில்லனாக வந்தார். 2021 அக்டோபரில் அவர் மறைந்தபோது பலரும் அவரை வில்லன் நடிகர் என்றே நினைவுகூர்ந்தார்கள்.

பிரபுவை அவர் வில்லனாக நடிக்கவில்லை. உருட்டும் விழியோ உரத்த சிரிப்போ இல்லை. செல்வத்தில் வளர்ந்து, குடித்து, வீட்டில் மதிப்பிழந்து, வளர்ந்த மகளின் தந்தையாக நிற்கும் ஒரு சாதாரண மனிதனாக வருகிறார். கங்காவின் வாழ்க்கையையே கவிழ்த்துப்போட்ட அந்த மாலை, அவனுக்குப் பல மாலைகளில் ஒன்று. ஆண்டுகள் கழித்து அவளே தேடிவந்து எதிரே நிற்கும்போது, தான் செய்தது என்ன என்பது அவனுக்கு மெல்ல மெல்ல விளங்கத் தொடங்குகிறது. அந்தக் கூச்சத்தை ஸ்ரீகாந்த் மிகையின்றிக் காட்டுகிறார். நாம் அவனை வெறுக்கவும் முடியாமல், மன்னித்துவிட்டோம் என்று நிம்மதியடையவும் முடியாமல் அமர்ந்திருக்கிறோம். அவன் செய்த பாவம் சிறிதாகிவிடவில்லை. ஆனால் அதைச் செய்தவன் ஓர் அரக்கனல்ல, ஞாயிறுதோறும் நமக்குப் பக்கத்தில் அமரக்கூடிய ஒருவன் என்று தெரிந்துவிடுகிறது.

அதே ஜெயகாந்தன், அதே பீம்சிங், அதே லட்சுமியோடு ஸ்ரீகாந்த் 1978-இல் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ படத்திலும் நடித்தார். அங்கே அவர் ரங்கா. கொள்கைப் பிடிப்புள்ளவன், நடிகையான மனைவியோடு ஒத்துப்போக முடியாமல் பிரிந்து செல்பவன். அவள் நடக்க இயலாதவளாகிவிட்டபோது அவளைக் கவனித்துக்கொள்ள அவனே திரும்பி வருகிறான். விட்டுச் சென்றவனையும் திரும்பி வந்தவனையும் ஒரே நடிகரின் முகத்தில் பார்க்கும்போது, மனந்திரும்புதல் என்று நாம் பிரசங்கிப்பது என் நினைவுக்கு வந்தது.

பிரியமானவர்களே, யோவான் சுவிசேஷம் எட்டாம் அதிகாரத்தை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! கையும் களவுமாகப் பிடிபட்டவள் என்று சொல்லி, ஒரு பெண்ணை இயேசுவின் முன்னே நிறுத்துகிறார்கள். கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்றால் அங்கே ஓர் ஆணும் இருந்திருக்க வேண்டுமல்லவா? லேவியராகமம் 20:10-உம் உபாகமம் 22:22-உம் இருவரையுமே குற்றவாளிகள் என்கின்றன. நியாயப்பிரமாணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அதில் பாதியை மட்டும் சுமந்துகொண்டு வந்தார்கள். இறையியல் கல்லூரியில் இப்பகுதியைப் படித்தபோது, மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இது காணப்படவில்லை என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த மனிதன் எங்கே என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு நாள் இருந்தது. இதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், இந்தத் தோல் தொழில் வட்டாரத்திலேயே வேறொரு சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்துவந்த ஒரு பெண், திருமணமாகாத நிலையில் கருவுற்றாள். கமிட்டி கூடியது. ஆலயத்தின் பக்கத்து அறையில் ஒன்பது ஆண்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்தோம், அவள் நின்றுகொண்டிருந்தாள். யார் என்று கேட்டோம். அவள் தரையைப் பார்த்தபடி மௌனமாக இருந்தாள். அவன் யார் என்பது அந்த அறையில் சிலருக்குத் தெரியும்; எனக்கும் ஓர் ஊகம் இருந்தது. யாரும் மேலே பேசவில்லை. அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைக்கும் தீர்மானத்தில் நான் கையெழுத்திட்டேன். அடுத்த ஞாயிறு அந்த மனிதர் வந்து முழங்கால்படியிட்டார். என் கையாலேயே அவருக்கு அப்பத்தைக் கொடுத்தேன்.

உயிரோடிருந்த காலத்தில் முள் கீறிய தழும்பு, பதனிட்ட பிறகும் தோலில் தெரியும் என்று டேனரியில் வேலை செய்யும் நம் சகோதரர்கள் சொல்வார்கள். நாங்கள் தழும்பை மட்டும் பார்த்துத் தரம் பிரித்தோம். முள்ளைத் தேடவில்லை.

காய்ச்சல் நீங்கியதும் அந்தச் சகோதரியை விசாரித்துத் தேடிச் சென்றேன். இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள். பிள்ளையைப் படிக்கவைத்து ஆளாக்கியிருக்கிறாள். அவள் அனுமதித்ததால் மட்டுமே இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் தேநீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஐயா, அன்னைக்கு நீங்க அவரையும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தா எனக்குப் போதும்.” மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. ஜெபித்துவிட்டுப் போகலாமா என்று கேட்கவும் எனக்கு நா எழவில்லை.

தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி எடுத்த எடுப்பிலேயே குற்றஞ்சாட்டவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். கதையைக் கேட்டு கோபங்கொண்ட ராஜா, அதற்குள் தன்னையே கண்டார். எனக்கு ஒரு நடிகரின் முகம் நாத்தானாக வந்தது. ஆகவே நல்ல கலையை அலட்சியம் செய்யாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சில நேரங்களில் பிரசங்கபீடத்தால் செய்ய இயலாததை அது செய்துவிடும்.

நம் சகோதரிகளில் எத்தனை பேர் பொழுது விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் வேலைக்குப் போகிறார்கள்! பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில், பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதை உங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நம் சபையைப் பொறுத்தவரை, இனி எந்தப் பெண்ணும் கமிட்டியின் முன் தனியாக நிறுத்தப்படக் கூடாது, பெண் மூப்பர்கள் இல்லாமல் விசாரணை நடக்கக் கூடாது, சம்பந்தப்பட்ட ஆணையே முதலில் அழைக்கவேண்டும் என்று வரும் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன். எனக்கு ஆதரவு தாருங்கள்.

அன்று முதலில் வெளியேறியவர்கள் மூத்தவர்களே என்று யோவான் எழுதுகிறார். முதிர்ந்த வயதில் இருக்கும் நான் அந்த வரிசையில் சேர விரும்புகிறேன். ஆனால் வெளியேறிப் போய்விடாமல், ரங்காவைப் போலத் திரும்பி வர விரும்புகிறேன்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் கேட்கத் தவறிய கேள்விகளுக்காக எங்களை மன்னியும். தனியாக நிற்பவர்களின் பக்கத்தில் போய் நிற்கும் தைரியத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்