முதற்கட்டமும் சுழியமும்

பல நாள் உழைப்பு வீணாகி, புறப்பட்ட இடத்திலேயே மீண்டும் நிற்க நேர்ந்தால், ஆங்கிலம் பேசுவோர் 'பேக் டு ஸ்கொயர் ஒன்' என்பர். முதற்கட்டத்துக்கே திரும்பிவிட்டோம் என்பது பொருள். இத்தொடரின் பிறப்பு உறுதியாகவில்லை. எனினும், பாம்பு தீண்டிய காய் கீழிறங்கும் பரமபதம் போன்ற பலகை ஆட்டங்களையே பலரும் மூலமாகச் சுட்டுவர்.

ஸ்லோவாக் மொழியில் இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சதுரம் எஞ்சும், பொருள் எஞ்சாது. அம்மொழியில் வேறு இரு வழிகள் உள்ளன. 'ஸ்மே தாம், க்டே ஸ்மே போலி' என்றால் 'இருந்த இடத்திலேயே இருக்கிறோம்'. 'ஸச்சீனமே ஓட் நுலி' என்றால் 'சுழியத்திலிருந்து தொடங்குகிறோம்'. முன்னதில் சலிப்பு தொனிக்கும். பின்னதில் முனைப்பு தொனிக்கும். மேலும், பின்னதோடு 'மீண்டும்' எனப் பொருள்படும் 'ஸ்னோவா' சேராவிடில் நேர்ந்த இழப்பே மறைந்துவிடும். முதன்முறையாகத் தொழில் தொடங்குபவரும் அவ்வாறே கூறக்கூடும்.

ஆங்கிலத் தொடர் சலிப்பு, முனைப்பு இரண்டையும் தாங்கும். ஸ்லோவாக்கில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒரு புதினத்தில் சோதனை பொய்த்த ஆய்வாளர் அத்தொடரைச் சொல்கிறார் எனில், அவர் அடுத்து விளக்கை அணைத்து வீடு திரும்புகிறாரா, புதிய குறிப்பேட்டைத் திறக்கிறாரா என்று பார்த்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் எழுத இயலும். அவ்விடை அகராதியில் இல்லை. அடுத்த பக்கத்தில் இருக்கிறது.