கோடு பார்க்கத் தெரியாத ஊர்

ஓவிய ஆசிரியரை எங்கள் திருவண்ணாமலை இரண்டே கேள்விகளில் எடைபோட்டுவிடும். “போட்டோவில் இருக்கிற மாதிரியே வரைவீங்களா சார்?” என்பது ஒன்று. “இந்த மாடர்ன் ஆர்ட்டெல்லாம் சும்மா கிறுக்குறதுதானே?” என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்லியே பணிக்காலம் தீர்ந்துவிடுகிறது. ஓய்வுபெற்ற பின்னும் விடாத மூன்றாவது ஒன்று உண்டு. கண்காட்சிக்குப் போய்ப் பாருங்களேன் என்றால், “வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, அம்மாவுக்கு வைத்தியம், எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும் சார்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இது சாக்கு என்பதே என் வாதம். படம் பார்ப்பது பழகிப் பழகி வர வேண்டிய வேலை. அலைக்கழிப்புக்கு நடுவே பழகாத கண்ணுக்கு, ஓய்வு கிடைத்த பிறகும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

படம் போட்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்த்தாலே இந்தச் சாக்கு நிற்காது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அதற்குப் பணம் தந்தது அவர்கள் செய்து விற்ற பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும்தான். வயிற்றுக்கு மெழுகும் சாயமும், மிச்ச நேரத்துக்குக் கேன்வாஸ். கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு டிசைன் போட்டுக்கொண்டே வரைந்தவர். வாடகையும் வேலையும் நெருக்கியபடிதான் அந்தப் படங்கள் பிறந்தன. அவற்றைப் பார்க்கிறவர் மட்டும் எல்லாக் கவலையும் ஒழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன் என்பது எந்த ஊர் நியாயம்? பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடக்கிற ஊர் இது. கடனும் நோயும் தீர்ந்த பிறகு யாரும் கிரிவலம் வருவதில்லை, அவற்றோடேதான் வருகிறார்கள். பக்தியையும் படத்தையும் ஒன்றாக வைக்கலாமா என்று கோபப்பட வேண்டாம். கவலையோடு வருகிறவருக்கும் கால் நடக்கும், கண் பார்க்கும் என்பதற்கு நம் ஊரைவிடப் பெரிய சான்று இல்லை என்றுதான் சொல்கிறேன்.

ஆதிமூலத்தைச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் சமகால ஓவியம் பார்ப்பதன் சிக்கல் முழுவதும் அவரிடம் இருக்கிறது. சிறுநகரங்களுக்குக் கண்காட்சி வராத காலத்தில் சிற்றிதழ் அட்டையிலும் கவிதைப் புத்தக முகப்பிலும் அவர் கோடு வந்து சேர்ந்தது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது, காலரி வாசலை மிதிக்காத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் அந்தப் பேனா போனது. காந்தி நூற்றாண்டான 1969-இல் அவர் காந்தியை மட்டும் நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். அவற்றின் முன் நிற்கிறவர்கள் “அச்சு அசல் காந்தி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவுட்லைனை நம்பாமல், ஹாட்ச்சிங்கின் அடர்த்தியிலேயே உடலை எழுப்புகிற கை அது. டோன் எங்கே இறுகுகிறது, வெள்ளையை எங்கே தாளுக்கே விட்டுவிடுகிறார், பேனா எந்த இடத்தில் வேகம் பிடித்தது, எங்கே தயங்கித் தூக்கப்பட்டது என்றெல்லாம் கோட்டின் மேலேயே எழுதியிருக்கிறது. இந்தியன் இங்க் அழிக்கவிடாது. தப்பினால் அந்தத் தப்பையும் அடுத்த கோட்டில் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். பென்சிலில் ஸ்கெட்ச் போட்டு அதன்மேல் இங்க் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பயம் வராது. பயம் வராததால் கோடும் வராது.

அதே கை பின்னாளில் உருவத்தை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் நிலமும் நீரும் வெளியுமாய் அரூபத்துக்குப் போனபோதுதான் தகராறு. காந்தியைக் கொண்டாடியவர்களே வண்ணத்தின் முன் கைவிரித்தார்கள். அடையாளம் தெரிந்த முகத்தைத்தான் ரசித்தோம், கோட்டைப் பார்க்கவே இல்லை என்பது அங்கே வெளிப்பட்டுவிட்டது. உண்மையில் இரண்டிலும் செய்நேர்த்தி ஒன்றே. கோட்டோவியத்தில் தாளின் வெள்ளையை எவ்வளவு விடுவது என்ற கணக்கு, வண்ணத்தில் ஒரு பரப்பு அடுத்ததை எங்கே தொடலாம் என்ற கணக்காக மாறியது. காந்தியின் நெற்றியில் விட்ட வெற்றிடத்தைக் கவனித்த கண் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் திகைக்காது. ஆதிமூலம் 2008-இல் மறைந்தார். இன்றும் அவரைப் பற்றிய பேச்சு காந்தியோடு நின்றுவிடுவதை இந்தத் தொழிலில் இருக்கிறவர்களால் சகிக்க முடிவதில்லை.

“புரியாததை எப்படிப் பார்ப்பது?” என்பது அடுத்த தடை. அண்ணாமலையார் கோயில் சுவர்களில் கல்வெட்டுகள் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர் சிலர்தான். மற்றவர்கள் புரியவில்லை என்று கோபித்துக்கொள்வதில்லை. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம், எழுத்து, கணக்குக் குறிகள் எல்லாம் வரும், வாசித்தால் பொருள் வராது. எழுத்தை எழுத்தாகப் படிக்காமல் கோடாகப் பார்க்கச் சொல்கிறார். ஜாதகக் கட்டத்தோடு பிறந்து வளர்ந்த ஊருக்கு இது அந்நியமா? கோயிலே போதுமே, கண்காட்சி எதற்கு என்பவர்களுக்கும் ஒரு சொல். 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அதன் நுழைவாயிலின் உட்சுவர்களில் இருக்கும் நாட்டியக் கரணச் சிற்பங்களை எத்தனை பேர் நின்று பார்த்தார்கள்? நிற்கப் பழகாதவருக்குப் பழைய கலையும் புதிய கலையும் ஒன்றுதான், இரண்டையும் கடந்துபோய்விடுகிறார்.

தூரத்தையும் காரணமாகச் சொல்வார்கள். வைத்தியத்துக்காகச் சென்னை கிரீம்ஸ் சாலைக்குப் போய் ரிப்போர்ட்டுக்காக அரை நாள் காத்திருக்கிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அதே சாலையில்தான் லலித் கலா அகாடமியின் காட்சிக்கூடம் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு படத்தின் முன் கால்மணி நேரம் நின்றால் போதும், நாற்பது படத்தைச் சுற்றிவர வேண்டியதில்லை. போனிலேயே பார்க்கலாமே என்றால், போன் எல்லாப் படத்தையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. ஆறடிக் கேன்வாஸும் உள்ளங்கை அகல டிராயிங்கும் அதில் ஒன்றே. பூச்சின் தடிப்பும் நிபின் கீறலும் அங்கே காணாமல்போகும். இங்கேயே கூடம் இல்லையே என்று கேட்டால், அந்தக் குறை உண்மை. ஆனால் 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறி பியென்னாலே மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகளில்தான் நடக்கிறது. சத்திரங்களும் மண்டிகளும் நம்மிடமும் உண்டு.

இல்லாதது பாடவேளை. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி கற்பிக்க 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், அப்போது மாதம் 5,000 ரூபாய். அந்த அரைநாளிலும் தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்ளும். ஃப்ரீஹேண்ட் பழகாமல் வளர்ந்த பிள்ளை புரொஜெக்டரில் படத்தைப் போட்டு டிரேஸ் எடுக்கிறான். மலையை வரைந்தால் சீசனில் விற்கும் என்று தெரிந்ததால் மலையையே திரும்பத் திரும்ப வரைகிறான், அதுவும் போட்டோவைப் பார்த்து. ஜன்னலைத் திறந்தால் மலை நிற்கிற ஊரில்! அவனைத் திட்டிப் பயனில்லை, வாங்குகிறவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இந்த ஊரில் கலைக்கூடம் கட்டப்போவதாக யாராவது அறிவித்தால் சந்தோஷம்தான். அதற்கு முன் ஓவிய வகுப்பை ஓவியத்துக்கே திருப்பிக் கொடுங்கள். பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் கட்டுகிற கூடம் ஐந்தே வருடத்தில் வரவேற்பு மண்டபமாகிவிடும்.