களிமண் புறாவும் கேப்பு துப்பாக்கி பரம்பரையும்

பொண்ணுக்கு 12 வயசு. டெக்ஸாஸ்ல பக்கத்து வீட்டுத் தோழி போறாளாம், தானும் ஷாட்கன்ல தட்டு சுடணுமாம். தீபாவளி கேப்பு துப்பாக்கியைத் தாண்டி எதையும் தொடாத பரம்பரைங்க நம்மது! வீட்டம்மா முறைச்ச முறைப்பு இருக்கே... :-)

சரி, பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு கூடப் போனேன். சும்மா பேருக்குத்தான் 'களிமண் புறா'. சுண்ணாம்புக்கல் பொடியும் பிசினும் கலந்து செஞ்ச 10.8 செ.மீ. தட்டு அது. அந்தக் காலத்துல நிஜப் புறாவையே பறக்கவிட்டுச் சுட்டாங்களாம், அதான் அந்தப் பேரு.

முதல் ஒரு மணி நேரம் தோட்டாவே கிடையாது. துப்பாக்கியை வாங்கினதும் திறந்து காலியான்னு பாரு. குழல் ஆளில்லாத பக்கமே இருக்கட்டும். சுடுற நொடி வரைக்கும் விசையில விரல் கூடாது. திரும்பத் திரும்ப இதேதான். அப்புறம் கண்ணாடி, காதடைப்பு, ஒரே ஒரு தோட்டா. துப்பாக்கி ரொம்ப லேசா இருந்தா தோள்ல ஓங்கி உதைக்குமாம். அதனால தாங்குற அளவு கனம், மருந்து குறைஞ்ச தோட்டா.

நாலாவது தட்டு நொறுங்கிச்சு. பொண்ணு துள்ளிக் குதிக்கல. முதல்ல துப்பாக்கியைத் திறந்து காலி பண்ணிட்டு அப்புறந்தான் சிரிச்சா. என் பயம் பாதி அங்கேயே போச்சு.

மீதிப் பாதிக்கு ரெண்டு சட்டம். நம்ம வீட்டுக்குள்ள துப்பாக்கி வராது. தோழி வீட்டுல துப்பாக்கி கண்ணுல பட்டா, தொடாம வெளிய வந்து பெரியவங்ககிட்ட சொல்லணும். தட்டு சுடாத பிள்ளைக்கும் இந்த ரெண்டாவது சட்டத்தைச் சொல்லி வைங்க மக்களே. இந்த ஊர்ல அது கட்டாயம் வேணும்.