மலையைத் தேடாதீர்கள்!

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி மலையைத் தேடாதீர்கள், அம்மா! 'பழமலை' என்று பேர்தான். மலை பூமிக்குள் அமிழ்ந்துவிட்டதாம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். 2011 கணக்குப்படி ஜனத்தொகை 73,000க்குச் சற்று மேல்.

இங்கே பலருக்குச் சோறு போடுவது களிமண். அருகே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அதைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்க, பாலாடைபோல் ஓரத்தில் மண் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்து, காயவைத்து, சூளையில் சுட்டால் பொம்மை! இதைக் கற்பிக்க அரசாங்கப் பாலிடெக்னிக்கே உண்டு.

வெள்ளை ப்யூஸ் கட்டைகளும் இங்கே செய்தார்கள். பிளாஸ்டிக் சுவிட்சு வந்ததும் அந்த வேலை குறைந்துவிட்டது. பட்டறைப் பெண்களுக்குக் கொலுப் பொம்மையும் அகல்விளக்கும்தான் ஆதரவு.

கொலுவுக்குப் பீங்கான் பொம்மை வாங்கும்போது அடியைப் புரட்டிப் பாருங்கள். சின்ன ஓட்டை தெரிகிறதல்லவா? கூழை வடித்த வாய் அது.